குசினிப் பக்கத்துப் பெட்டி

டப்பென்று ஒரு சத்தம். நாதஸ்வரம் பாதியில் நின்றுபோனது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா சரோ? ஒரு பாட்டுகூடத் தாங்கல. இதெல்லாம் ஒரு ஆம்ப்ளியா?" என்று என் அண்ணன் கோவிந்தன் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கையை உடனே உதறினார். தோசைக்கல் சூடு.

ஈப்போவுக்குப் பக்கத்தில், கோப்பெங்கில் அண்ணன் வீட்டுக் கூடம் அது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சன்னலைத் தாண்டினால் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் துணிக்கொடி. மறுபக்கம் குசினி. அங்கிருந்து முறுக்கு வேகும் எண்ணெய் வாசனை. நடுவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள்.

"பெரிய ஆம்ப்ளியா ஒண்ணு பாத்துச் சொல்லு. இ.பி.எஃப். சேமிப்புக் காசு வந்திருக்கு. ஆனா வெல ரொம்பப் போகக் கூடாது. ஒங்கண்ணிக்குத் தெரிஞ்சா கொன்னுருவா" என்றார்.

நான் அந்த ஆம்ப்ளிஃபயரின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வலது பக்கத்துத் துளையிலிருந்து வயர்கள் பூரான் கால்களாக எட்டுத் திக்கும் போயிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, ஒரு கத்தரிக்கோல் போதும் என்று நினைத்தேன். அதில் பாதிதான் சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்பீக்கர் அக்கா

எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு 'ஸ்பீக்கர் அக்கா' என்று பெயர். யார் வீட்டில் பாட்டுப் பெட்டி முனகினாலும் போன் எனக்குத்தான் வரும். சேலை கட்டியவள் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சில ஆண்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். பாட்டு வந்ததும் சிரிப்பு போய்விடுகிறது.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த எங்களைப் போன்ற பெண்களை அள்ளிக்கொண்டு போன கிலாங் பஸ்ஸைப் பற்றி, அதாவது ஃபேக்டரி பஸ்ஸைப் பற்றி, சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அங்கே நான் என்ன வேலை பார்த்தேன் என்று எழுத மறந்துவிட்டேன். வேலை பார்த்தது என் காது.

ரேடியோ செய்யும் ஃபேக்டரி. என்னைச் சோதனை வரிசையில் உட்காரவைத்தார்கள். கன்வேயர் பெல்ட்டில் வரும் ஒவ்வொரு ரேடியோவையும் கேட்டு, கரகரப்பா, இழுவையா, ஒரு பக்கம் ஊமையா என்று சொல்ல வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண்மணி. நறுக்குத் தெறித்தாற்போல் சந்தை மலாய் பேசுவார். "சத்து சத்து துக்கார்!" என்பார். ஒவ்வொன்றாக மாற்று என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்று, கேள். இன்னொன்றை மாற்று, கேள். கோளாறு எதோடு கூடவே நகர்கிறதோ, அதுதான் குற்றவாளி.

அந்த ஃபேக்டரி மூடப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த வார்த்தை மட்டும் என் மண்டையில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது.

ரெண்டு பொருத்தம் போதும்

நம் ஆட்கள் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" அடுத்த வேலை, பெட்டியைத் தூக்கிப் பார்ப்பது. கனமாக இருந்தால் நல்ல சாமான். என்னமோ பலாப்பழம் வாங்குவது மாதிரி!

நான் சொல்வது இதுதான். முதலில் ஸ்பீக்கர் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரைப் பிறகு தேடுங்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இதற்கு ரெண்டு போதும். பெட்டியின் முதுகில் ஓம் என்று, அதாவது மின்தடை எவ்வளவு என்று, ஓர் எண் போட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் அது எத்தனை ஓம்வரை தாங்கும் என்று இருக்கும். பெட்டியின் எண் அதற்குக் கீழே இறங்கினால் ஆம்ப்ளிஃபயர் காய்ந்து கருகும். இது முதல் பொருத்தம்.

இரண்டாவது, பெட்டியின் சுறுசுறுப்பு. சில பெட்டி கொஞ்சம் ஊட்டினாலே கணீரென்று பாடும். சில பெட்டி சோம்பேறி, எவ்வளவு கொட்டினாலும் முனகும். அதை டெசிபலில் போட்டிருப்பார்கள். மூன்று டெசிபல் கூடுதலான பெட்டி கிடைத்தால், பாதி வாட் ஆம்ப்ளிஃபயரே அதே சத்தத்தைக் கொடுத்துவிடும். காசு மிச்சமாகும் இடம் இதுதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு என்ன தலையெழுத்து?

என் வீட்டு செட் முழுவதும் ஈப்போவில் பழைய சாமான் விற்கும் பாசார் காராட்டில் பொறுக்கியது. பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, புத்தக அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டி ஒரு ஜோடி. "ஏன்லா, குப்பையிலருந்து கொண்டாந்தியா?" என்று கேட்ட என் வீட்டுக்காரர் இப்போது அதன் முன்னாலிருந்து எழுந்திருப்பதே இல்லை. சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டு போய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாப் பொருத்தமும் இருந்தும் சரியாக வராத வீடும் உண்டு. ஈப்போவில் ஒரு செட்டியார் வீடு. பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி, திரைச்சீலை கிடையாது. செட் அருமையானது. பாட்டு மட்டும் தகரக் கொட்டகைக்குள் கத்துவது மாதிரி கேட்டது. கூடத்தின் நடுவில் நின்று ஒரு தரம் கையைத் தட்டினேன். தட்டிய சத்தம் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது.

"ஆச்சி, ஆம்ப்ளி மாத்த வேணாம். தடிப்பா ஒரு தெரச்சீல போடுங்க, தரையில கம்பளம் விரிங்க" என்றேன்.

"பல்லு வலின்னு வந்தா, செருப்ப மாத்தச் சொல்ற மாதிரி இருக்கேம்மா!" என்று ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கம்பளம் விரித்துவிட்டு அவரே போன் பண்ணினார்.

அறையையும் சேர்த்துப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதோடு பாடம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

கோயில் ஹார்ன் கணக்கு

அண்ணன் செய்திருந்த தப்பு, தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அவருக்குத் தொழில் லோரி ஓட்டுவது. சிலிம் ரிவரிலிருந்து ஈப்போவரை அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் மைக் செட்டுக்கு அவர்தான் ராஜா. லயத்து வீடுகள் நெடுக ஒரே வயரை இழுத்து, தென்னை மரத்தில் ஒரு ஹார்ன் ஸ்பீக்கர், தண்ணித் தொட்டி மேல் ஒரு ஹார்ன், தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டு வேலியில் ஒரு ஹார்ன் என்று மாட்டிக்கொண்டே போவார். எங்காவது சத்தம் பத்தவில்லை என்றால் அதே வயரில் இன்னொன்று. ஆம்ப்ளிஃபயர் ஒரு முணுமுணுப்பும் காட்டாது.

ஏனென்றால் அந்த ஹார்ன் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அந்த ஏற்பாடே அப்படி வரிசையாக மாட்டுவதற்காகச் செய்தது. வீட்டுப் பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணன் நல்ல ஜோடிப் பெட்டியாக வாங்கிச் சன்னல் பக்கம் ஒன்று, குசினிப் பக்கம் ஒன்று வைத்தார். கொஞ்ச நாளில், குசினிப் பக்கத்துப் பெட்டிக்குச் சத்தம் குறைவு என்று தோன்றியிருக்கிறது. கோயில் கணக்குப்படி அதே வயரில் இன்னொரு பெட்டியை மாட்டினார். அதுவும் பத்தவில்லை. இன்னொன்று. எட்டு ஓம் பெட்டி ஒன்று இருந்த இடத்தில் இரண்டானால் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது நாலு ஓம். மூன்றானால் மூன்றுக்கும் கீழே. அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயர் தாங்குவது நாலுவரைதான். மூச்சு முட்டித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பாவம், அது புத்திசாலி.

"அண்ணே, ஆம்ப்ளி வீக் இல்ல. நீங்க அது தலையில மூணு வண்டிச் சுமைய ஏத்தியிருக்கீங்க. ஓவர்லோடு ஏத்துனா லோரி மலை ஏறுமா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அட ஆமால்லா. ஆனா சரோ, குசினிப் பக்கத்துப் பொட்டி நெசமாவே வீக்குதான். நீயே கேட்டுப் பாரு."

"பாக்கலாம். சூடு ஆறட்டும்" என்று நான் குசினிக்குள் போனேன்.

முறுக்குச் சட்டிக்கு முன்னால்

"பசியாறிட்டியா சரோ?" என்று கேட்டுக்கொண்டே பூங்கொடி அண்ணி கோப்பியை நீட்டினார். முகம் சரியில்லை. பிஸ்கட் டின் நிறைய முறுக்கு.

"ஏன் அண்ணி இவ்வளவு? ஊருக்கே சுடுறீங்களா?"

"மவ வீட்டுக்குக் கொண்டு போக. சனிக்கிழமை பாகான் டத்தோ போறேன். தீபாவளிக்கு அங்கதான். அதுக்கப்புறமும் அங்கதான்."

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். "அண்ணன்?"

"அவருக்குப் பாட்டு இருக்கே." அண்ணி அடுப்பைக் குறைத்தார். "வேல முடிஞ்சு வீட்டுல உக்காந்ததுலருந்து அந்த மனுசன் எங்கிட்ட பேசுறதில்ல சரோ. பக்கத்துலயே உக்காந்து பேசுறேன். செவுத்துக்கிட்டப் பேசுற மாதிரி. பாட்டு வேணும், சத்தமா வேணும். என் பேச்சு வேணாம்."

"சண்டையா?"

"சண்ட போட்டாலும் தேவலையே! கார்ல வெளிய போனா, லோரி ஓட்டுன காலம் மாதிரி வாய் ஓயாமப் பேசுறாரு. வீட்டுக்குள்ள வந்தா ஊமை. அப்படின்னா என்ன அர்த்தம்? வீட்டுல என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல, அவ்வளவுதான்."

லோரிக் காலத்தை நான் பார்த்திருக்கிறேன். சுமை கொஞ்சமாக இருக்கும் நாட்களில் அண்ணியும் கூடப் போவார். சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, வழி நெடுகப் பேச்சு, சிரிப்பு, வம்பு. லோரி தோட்டத்துச் சடக்கு ரோட்டில் வரும்போதே இவர்கள் குரல் முன்னால் வந்துவிடும். அந்த இரண்டு பேரா இப்படி?

"போறேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லாமலா? போன வாரம், பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போது பக்கத்துல உக்காந்து தெளிவாச் சொன்னேன். போனா திரும்பி வர மாட்டேன்னும் சொன்னேன்." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போகாதன்னு ஒரு வார்த்த சொல்லல சரோ. ஒரே ஒரு வார்த்த."

எனக்கு அண்ணன் மேல் ஆத்திரம் வந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போகலாமா என்றிருந்தது. அண்ணி தேங்காய் வாங்கப் பக்கத்து வீட்டு அக்காவோடு பாசாருக்குக் கிளம்பினார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன்.

சத்து சத்து துக்கார்

கூடுதல் பெட்டிகளைக் கழற்றித் தூர வைத்தேன். சன்னல் பக்கம் ஒன்று, குசினிப் பக்கம் ஒன்று. பாட்டைப் போட்டேன். அண்ணன் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் குளிர்ச்சியாக ஓடியது.

"இப்ப?"

"குசினிப் பொட்டி வீக்கு. சொன்னேன்ல."

ஆம்ப்ளிஃபயரில் இடது வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் மாற்றிச் சொருகினேன். ஆம்ப்ளிஃபயரில் கோளாறு என்றால் இப்போது சன்னல் பக்கம் குறைய வேண்டும்.

"குசினிப் பொட்டிதான் வீக்கு."

சரி, பெட்டியிலேயே கோளாறு. இரண்டு பெட்டிகளையும் தூக்கி இடம் மாற்றினேன்.

"இன்னும் குசினிப் பக்கம்தான் சரோ."

ஆம்ப்ளிஃபயரையே மாற்றினேன். இந்த மாதிரி சமயத்துக்கென்று காரில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் எப்போதும் வைத்திருப்பேன். அதிலும் அதே பதில். அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்தது. பாடியவர் குரல் சரியாக நடுவில் நின்றது. காதை வைத்துச் சம்பாதித்தவள் நான், இதில் எனக்குத் தப்பு நேராது.

எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மாற்றாதது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, நாக்காலியத் திருப்பிப் போட்டு செவுத்தப் பாத்து உக்காருங்க."

"எதுக்குலா? பள்ளிக்கூடத்துல தண்டனை குடுக்குற மாதிரி."

"உக்காருங்கண்ணே."

முனகிக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். முதுகு பெட்டிகளுக்கு, முகம் காலண்டருக்கு. நான் ஒன்றையும் தொடவில்லை. அதே பாட்டு, அதே சத்தம்.

"இப்ப எது வீக்கு?"

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அலாமா! இப்ப சன்னல் பொட்டி போயிருச்சு. என்ன பண்ணுன?"

கோளாறு அண்ணனோடு கூடவே திரும்பியிருந்தது.

நான் அவருடைய வலது பக்கம் போய், சாதாரணமாகப் பேசும் குரலில், "கோவிந்தண்ணே, கோப்பி குடிக்கிறீங்களா?" என்றேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது பக்கம் போய் அதையே சொன்னேன். "கொண்டா" என்றார்.

அந்த இடத்திலேயே எனக்கு அண்ணியின் பேச்சு முழுவதும் புரிந்துவிட்டது. லோரியில் ஓட்டுபவர் வலது பக்கம், அண்ணி இடது பக்கம். காரிலும் அப்படித்தான். வீட்டில் மட்டும், குசினிக்குக் கிட்ட இருக்கட்டும் என்று அண்ணியின் நாற்காலி வலது பக்கம் கிடந்தது.

பிறகு ஈப்போவில் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். இது ஒரு நாளில் வந்ததில்லை, வருஷக்கணக்காக லோரி சன்னல் ஓரம் இருந்த காது இது என்றார். கருவி மாட்டலாம் என்றும் சொன்னார். உங்கள் வீட்டில் யாராவது ஒரு பக்கத்துப் பெட்டியை மட்டும் குறை சொல்லிக்கொண்டே இருந்தால், கடைக்குப் போகும் முன் டாக்டரிடம் போங்கள். இதுவும் ஸ்பீக்கர் அக்கா சொல்வதுதான்.

அன்றைக்கு அண்ணன் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வலது காதைக் கையால் மூடினார், திறந்தார். மறுபடி மூடினார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"ஒங்கண்ணிகிட்ட சொல்லாத சரோ. கெழவனாயிட்டேன்னு நெனைப்பா."

"அவங்க நெனைக்கிறது அதைவிட மோசம் அண்ணே" என்றேன். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அண்ணி சொல்ல வேண்டியதை அண்ணியே சொல்ல வேண்டும், அதை அண்ணன் கேட்க வேண்டும்.

லோரி சீட்டு

காரிலிருந்து கொண்டுவந்த என் பழைய ஆம்ப்ளிஃபயரில் மோனோ என்று ஒரு பித்தான் உண்டு. அழுத்தினால் இரண்டு பக்கத்துப் பாட்டும் கலந்து ஒன்றாக வரும். ஒரு காதுக்கு எதற்கு இரண்டு பெட்டி? இருந்ததிலேயே நல்லதாக ஒரே ஒரு பெட்டியை அவருக்கு இடது முன்பக்கம், உட்கார்ந்தால் காதுக்கு நேராக வரும் உயரத்தில் வைத்தேன். நாதஸ்வரம் முழுசாக, சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்தது. சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். அண்ணனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

புது ஆம்ப்ளிஃபயர் வாங்கவே இல்லை. என் அனுபவத்திலேயே மிக மலிவான பொருத்தம் அதுதான்.

பிறகு அண்ணியின் நாற்காலியைத் தூக்கிச் சன்னல் பக்கம் போட்டேன்.

அண்ணி தேங்காய்ப் பையோடு வந்தார். "யாரு என் நாக்காலிய இந்தப் பக்கம் போட்டது?"

"நான்தான் அண்ணி. ஒக்காந்து பாருங்க."

வெயிலில் நடந்து வந்த களைப்பு. முந்தானையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்தார். பாட்டு மெதுவாக ஓடியது. அண்ணனைப் பார்க்காமல், என்னிடம் மட்டும், தாழ்ந்த குரலில் சொன்னார். "சனிக்கிழமை காலையிலயே பஸ்ஸு இருக்காம் சரோ. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

அண்ணன் திரும்பினார். "எங்க போற பஸ்ஸு?"

விசிறிய கை நின்றது. அண்ணி என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "மவ வீட்டுக்கு. போன வாரமே சொன்னேனே."

"எங்கிட்டயா?"

"ஒங்க பக்கத்துல உக்காந்துதான் சொன்னேன். போனா வர மாட்டேன்னும் சொன்னேன். நீங்க வாயத் தொறக்கல."

அண்ணன் குசினிப் பக்கம் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். மூன்று கண்டெய்னரை ஒரே நாளில் இறக்கிய மனிதர், அந்த வெறும் தரையைப் பார்த்துக் கலங்கிப் போனார். வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"இது செத்துப் போச்சு பூங்கொடி. எப்பலருந்துன்னு தெரியல. இன்னிக்குத்தான் சரோ கண்டுபுடிச்சா. நீ அந்தப் பக்கம் உக்காந்து சொன்னது எதுவும்..." குரல் உடைந்தது. "எதுவுமே எனக்கு வரல."

அண்ணிக்குக் கண் நிறைந்துகொண்டே வந்தது.

"போவாத" என்றார் அண்ணன்.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன அமைதி. அண்ணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னார். எட்ட நின்ற எனக்குக் கேட்கவில்லை.

அண்ணனுக்குக் கேட்டது. சிரித்துவிட்டார்.